மூன்றாவது புத்தகம் வரவில்லை என்று சொன்னேன்

பிள்ளைகள், முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் ஸ்காபரோவில் ஒரு கிளை நூலகத்தின் சிறுவர் பிரிவு மேசையில் இருந்தவள் நான். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு மாயாஜாலக் கதைகளை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பறக்கிற பூதமும் பேசுகிற மரமும் வருகிற புத்தகம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. நாலாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

போன மாதம் உங்கள் நூலகக் கிளைக்கு நான் வந்தபோது உங்களில் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவள், என்னை மறித்துக் கேட்டாள்: “அன்ரி, பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரு ஃபான்ரசி நொவல் எப்பிடிச் சூஸ் பண்ணுறது? உங்களிட்டை ஏதும் லிஸ்ட் இருந்ததோ?”

இருந்தது, பிள்ளை. லிஸ்ட்டும் இருந்தது, புத்தக முதுகில் ஒட்டுகிற நிற ஸ்ரிக்கரும் இருந்தது. பச்சை என்றால் ஏழிலிருந்து ஒன்பது வயது, மஞ்சள் என்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, சிவப்பு என்றால் அதற்கு மேல். அந்த ஸ்ரிக்கரை நம்பப்போய்த்தான் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டி வந்தது. இப்போது விட்பியில் மகனோடு இருக்கிறேன். அவனும் மருமகளும் காலையில் ரயிலுக்கு ஓடிவிட்டால் மாலைவரை வீடு எனக்குத்தான். ஆறுதலாக இருந்து எழுதுகிறேன், நீங்களும் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்செட் பார்க் பக்கத்து அடுக்குமாடிகளில் மாடிக்கு மாடி எங்கள் சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் நேரே எங்களிடம்தான் வருவார்கள். தாய் தகப்பன் வேலை முடிந்து வரும்வரை இருக்கச் சூடான இடம், தமிழ் தெரிந்த ஒரு அன்ரியும் இருக்கிற இடம். சனிக்கிழமைகளில் பெற்றோரும் வருவார்கள். அதிலே தகப்பன்மார் ஒரு தனி ரகம். ஒருவர் ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “அக்கா, பிள்ளைக்கு நல்ல மொத்தமாய், தடிச்ச புத்தகம் ஒண்டு தாங்கோ” என்றார். என்ன மாதிரிக் கதை வேண்டும் என்று கேட்டேன். “கதை என்னவாயும் இருக்கட்டும். மொத்தமாய் இருந்தால் காணும். இவள் வயசுக்கு மேலைதான் வாசிப்பாள்” என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் பிள்ளைக்கு முயல் படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றும், அவருக்குத் தோட்டம் வைப்பதைப் பற்றிய மொத்தப் புத்தகம் ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார், பாவம்.

அவரைச் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, எனக்கும் அதே வியாதி இருந்தது. எங்கள் பிள்ளை ஒன்று வயதுக்கு மீறி வாசிக்கிறது என்றால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அது எதை வாசிக்கிறது என்று பார்க்க மாட்டேன், எவ்வளவு வாசிக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

எங்கள் கிளைக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். நெட்டையான மனுசி, கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார், அதிகம் பேச மாட்டார். சிறுவர் பிரிவுக்கு என்னை மாற்றிய முதல் கிழமையே ஒரு விஷயத்தைச் சொன்னார். “தொடராக வருகிற கதைகளில் கவனமாக இரு. முதல் புத்தகத்தைப் பத்து வயதுக்கு எழுதியிருப்பார்கள். பிறகு கதாநாயகி வளருவாள், கதையும் அவளோடு வளரும். ஆனால் உன் வாசகிக்கு வயது ஏறியிருக்காது, மூன்று கிழமையில் அடுத்த புத்தகத்துக்கு வந்து நிற்பாள். அதனால் கடைசிப் புத்தகத்தை நீ வாசிக்காமல் முதல் புத்தகத்தைக் கொடுக்காதே.” நானும் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். வாசித்தேனா? எங்கே வாசித்தேன்! மூன்று புத்தகத்திலும் கொட்டாவி விட யாருக்கு நேரம்?

அந்த வருடம் எங்களிடம் வந்தவள்தான் துளசி. பத்து வயது. வருகிற வருடத்துக்கும் சேர்த்து வாங்கிய பெரிய பனி ஜாக்கெற், கையை இரண்டு தரம் மடித்து விட்டிருக்கும். எட்டு வயதில் தாய் ரஜனியோடு கனடாவுக்கு வந்தவள். தகப்பன் ஊரில். முதலில் தாயும் மகளும் போகட்டும், பிறகு நான் வருகிறேன் என்று பின்னுக்கு நின்ற மனிதர், சண்டை தொடங்க வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டார். மாதம் ஒன்றோ இரண்டோ போனால் யார் கையிலாவது கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்று சுற்றிச் சுழன்று வந்து சேரும். அவ்வளவுதான் தொடர்பு.

பிள்ளை ஒன்றரை வருடத்தில் இங்கிலீசைக் கரைத்துக் குடித்துவிட்டது. பச்சை ஸ்ரிக்கர் புத்தகம் எல்லாம் முடித்துவிட்டு, “அன்ரி, வேறை என்ன இருக்கு?” என்று நின்றாள். நான் ஒரு தொடரின் முதல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை மட்டும் நான் வாசித்திருந்தேன், அதுவும் ஒரு பேசுகிற ஆட்டுக்காக. கதை இதுதான். காற்றைக் கயிற்று முடிச்சுக்குள் கட்டி வைக்கிற ஒரு ஊர். அங்கே பட்டம் கட்டுகிற ஒரு மனிதரைப் புயல் அரசன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவருடைய மகள் தகப்பனைத் தேடி வெளிக்கிடுகிறாள், துணைக்கு அந்த ஆடு. ஆடு நடக்கிற வழியெல்லாம் புறுபுறுக்கும்: கால் நோகிறது, புல் சரியில்லை, எனக்கென்று ஒரு மரியாதை இல்லை. நானே வாய்விட்டுச் சிரித்தேன். முதுகில் மஞ்சள் ஸ்ரிக்கர். வேறென்ன வேண்டும்?

“இது மூண்டு புத்தகம், பிள்ளை. ஒண்டு முடிய ஒண்டாய் மூண்டையும் தாறன்” என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கேள்வியோடு வருவாள். “அன்ரி, கோப்ளின் எண்டால் தமிழிலை என்ன?”

“குட்டிச்சாத்தான்.”

“ஸ்பெல்?”

“மந்திரம்.”

“கேர்ஸ்?”

“சாபம். உது எல்லாம் ஏன் உனக்கு இப்ப?”

“சும்மா அன்ரி” என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு ஓடிவிடுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது புத்தகமும் பறந்தது. மூன்றாவதற்கு வரிசை நீளம். ஸ்காபரோ முழுக்கப் பிள்ளைகள் கேட்டிருந்ததால் முன்பதிவாக ஹோல்ட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றவளிடம், “அப்பாட்டையிருந்து கடிதம் வந்ததோ?” என்று கேட்டேன்.

“இல்லை அன்ரி. நாலு மாசம்.” மூச்சு விடாமல் அடுத்ததும் வந்தது: “மூண்டாவது புத்தகம் வந்திட்டுதோ?”

“இல்லையம்மா. அதிலை என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?”

“அப்பா வருவார். கவர்லை அவரின்ரை படம் இருக்கு, நான் பாத்தனான். அப்ப வருவார்தானே?”

சொல்ல எனக்கு என்ன தெரியும்? வாசித்திருந்தால்தானே.

புத்தகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபோது முதுகைப் பார்த்தேன். முதல் இரண்டும் மஞ்சள். இது சிவப்பு. மதியச் சாப்பாட்டுக்கு இடியப்பப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். இடியப்பம் அப்படியே இருந்தது.

தகப்பன் வரவில்லை, பிள்ளைகள். மகள் மலைக்குப் போய்ச் சேருகிறாள், அவரைக் காண்கிறாள், கட்டியும் பிடிக்கிறாள். ஆனால் புயலைக் கட்டி வைத்திருக்கிற கடைசி முடிச்சு அவர் கையில் இருக்கிறது. அவர் அதை விட்டால் புயல் ஊரை அள்ளிக்கொண்டு போகும். அவரைத் தன்னோடு பிணைத்திருக்கிற பட்டக் கயிற்றை மகளே தன் கையால் அறுக்க வேண்டும். ஐந்து பக்கத்துக்கு அது நடக்கிறது. திரும்பி வருகிற வழி முழுக்க அந்த ஆடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய எழுத்தாளர்தான், குறை சொல்ல முடியாது. பதினான்கு வயதில் வாசித்தால் வாழ்நாள் முழுக்க மறக்க முடியாத புத்தகம். என்னிடம் நிற்பவளுக்குப் பத்து வயது, நாலு மாதமாகக் கடிதம் இல்லை.

மூன்றரைக்குத் துளசி வந்துவிட்டாள். ஜாக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. “வந்திட்டுதோ அன்ரி?”

புத்தகம் என் மடியில் இருந்தது. “இல்லையம்மா, இன்னும் வரேல்லை” என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, என்னுடைய கார்டிகனுக்கு அடியில் அதை வைத்து மூடினேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை மறைப்பதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை. தொலைபேசியில் ஊரிலிருந்து “கொஞ்சம் சுகமில்லாமல் படுத்திருக்கிறார்” என்று சொன்னால், ஆள் போய் ஒரு கிழமை ஆகியிருக்கும். என் அப்பா ஊரில் இறந்தபோது நான் இங்கே ஏழு மாதக் கர்ப்பிணி, இப்போது விட்பியில் இருக்கிற இந்த மகன்தான் வயிற்றில். என் கணவருக்கும் அவருடைய சகோதரர்களுக்கும் தெரியும், எனக்குச் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையும் அங்கே முடிந்துவிட்டது. ஒரு நாள் தமிழ்க் கடையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், தெரிந்த பெண் ஒருத்தி வந்து கையைப் பிடித்து, “கேள்விப்பட்டனான் அக்கா, என்ன செய்யிறது, வயசு போன மனுசன்தானே” என்றாள். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பில் தனியே நின்று அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. ஒரு மாதமாக என்னைச் சுற்றி நின்று சிரித்துப் பேசிய அத்தனை பேருக்கும் தெரியும், பெற்ற மகளுக்குத் தெரியாது. இனி என் வாழ்க்கையில் யாருக்கும் இப்படிச் செய்ய மாட்டேன் என்று அன்று சத்தியம் பண்ணினேன். அந்த நான்தான் லாச்சியை மூடினேன்.

அடுத்த நாளும் இல்லை என்றேன். அதற்கடுத்த நாளும் இல்லை என்றேன். பிறகு துளசி கேட்பதை நிறுத்திவிட்டாள். வருவாள், வீட்டுப்பாடம் செய்வாள், போவாள். உள்ளங்கையில் சொற்கள் எழுதுவது மட்டும் ஒரு நாள் திரும்பத் தொடங்கியது. “அன்ரி, சாக்ரிஃபைஸ் எண்டால் என்ன?” என்று கேட்டாள். “தியாகம்” என்றேன். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கோ அவள் அந்தப் புத்தகத்தை மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் கிழமை பொறுப்பாளர் அம்மா என் மேசைக்கு வந்தார். ஒரு புத்தகம் வந்ததாகப் பதிவு இருக்கிறது, ஹோல்ட் தட்டில் இல்லை, எங்கே என்று கேட்டார். லாச்சியைத் திறந்து காட்டினேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு, “அவளுக்கு வேறு புத்தகம் கொடுத்திருக்கலாம். தாயோடு பேசியிருக்கலாம். ‘இதில் பெரிய துக்கம் இருக்கிறது, நாங்கள் சேர்ந்து வாசிப்போமா’ என்று அவளிடமே கேட்டிருக்கலாம். வரவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. இந்த மேசையிலிருந்து ஒரு பொய் போனால், நாளைக்கு ‘இது நல்ல புத்தகம்’ என்று நீ சொல்வதையும் அவள் நம்பமாட்டாள்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்கள் நிலைமை உங்களுக்கு விளங்காது” என்று இங்கிலீசில் சொல்லிவிட்டேன். மேலதிகாரியிடம் பேசுகிற பேச்சா அது? அவர் கோபிக்கவில்லை. “இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு எடு” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பெண் என் மேசைக்கு நேரே வந்து நின்றாள். பொதி கட்டுகிற தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள் போல, நெற்றியில் தலைமுடியை மூடுகிற வலை பதிந்த தடம், சப்பாத்தில் உருகுகிற பனி.

“அக்கா, நீங்கள்தானே துளசிக்குப் புத்தகம் குடுக்கிற அன்ரி? நான் அவளின்ரை அம்மா.”

“ஓம், இருங்கோ தங்கச்சி” என்றேன். அவள் இருக்கவில்லை.

“இல்லை அக்கா, சமைக்க வேணும், ஓட வேணும். ஒருக்கால் உங்களைப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான். நான் சமைக்கேக்கை அவள் குசினி நிலத்திலை இருந்துகொண்டு இங்கிலீசிலை பாத்துப் பாத்து எனக்குத் தமிழிலை சொல்லுவாள். ஒவ்வொரு நாளும் ஒரு அத்தியாயம். அந்த ஆடு கதைக்கிற கதை இருக்கே அக்கா! வேலையிலை நிண்டு நினைச்சு நினைச்சுச் சிரிப்பன், பக்கத்திலை நிக்கிறவை விசர் எண்டு பாப்பினம்.”

குட்டிச்சாத்தானும் சாபமும் யாருக்காகப் போனது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நேற்று முடிஞ்சுது அக்கா” என்றாள் ரஜனி. “அந்த மனுசன் வந்திட்டார். மலையாலை இறங்கி வந்து, மகளோடை சேர்ந்து ஊருக்கு நடுவிலை பட்டம் விடுறாராம். ஆட்டுக்குத்தான் முதல் மரியாதையாம். நான் அடுப்பைக் கவனிக்காமல் நிண்டு கேட்டன், சோறு அடிப்பிடிச்சுப் போச்சு. துளசியின்ரை அப்பாவும் பட்டம் கட்டுவார் அக்கா. கொக்குப்பட்டம் கட்டினால் ஊரே வந்து பாக்கும்.” சொல்லிக்கொண்டே என் முகத்தையே பார்த்தாள்.

என் முழங்காலுக்கு நேரே லாச்சிக்குள் அந்தப் புத்தகம் கிடந்தது. பிள்ளை எங்கேயோ போய்ப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். தனியே வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டு முடிவை மாற்றித் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். இது எல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது. “ஓம், நல்ல முடிவுதான்” என்று சொன்னால் நானும் சேர்ந்து பொய் சொன்னவள் ஆவேன். “அப்படி இல்லையே” என்று சொன்னால் அந்தக் குழந்தை பட்ட பாட்டை ஒரு வார்த்தையில் உடைத்தவள் ஆவேன். வேலையில் இப்படியான நேரம் உங்களுக்கும் வரும், புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் யாரையாவது கேட்கவும் நேரம் இருக்காது. பொய் இல்லாத ஒரு சொல்லைத் தேடினேன்.

“துளசி நல்லாக் கதை சொல்லுவாள், என்ன?” என்றேன்.

ரஜனி என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். “ஓம் அக்கா. நல்லாச் சொல்லுவாள்” என்று சொல்லிவிட்டு, ஜாக்கெற்றை இழுத்து மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை துளசி வந்ததும் படம் போட்ட புத்தகங்கள் இருக்கிற மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சின்னக் கதிரைகளில் இருவரும் இருந்தோம். லாச்சியிலிருந்த புத்தகத்தை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

“பிள்ளை, அன்ரி உனக்குப் பொய் சொன்னனான். இது வந்து மூண்டு கிழமை.”

அவள் திடுக்கிடவில்லை. தன் பையைத் திறந்து அதே புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வேறு கிளையின் முத்திரை. “தெரியும் அன்ரி. கொம்பியூட்டர்லை பாத்தனான், வந்திட்டுது எண்டு கிடந்தது. எனக்குத் தர உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன். அதான் மற்ற லைப்ரரிக்குப் போனனான்.”

“தனியவோ?”

“ஓம். ரெண்டு பஸ்.”

பனிக்குள் பத்து வயதுப் பிள்ளை தனியே இரண்டு பஸ் மாறிப் போய் வந்திருக்கிறது. எனக்கு அவளைக் கட்டிப் பிடிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. புத்தகத்துக்குள் பஸ் மாறுவதற்குத் தருகிற ரான்ஸ்பர் துண்டு அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். அந்த ஐந்து பக்கம்தான்.

“எங்கை வைச்சு வாசிச்சனீ?”

“வரேக்கை, பஸ்ஸிலை. கடைசியைத்தான் முதல்லை பாத்தனான், அவர் வாறாரோ எண்டு.” ரான்ஸ்பர் துண்டை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டு, “என்ரை ஸ்ரொப் மிஸ் ஆகிட்டுது அன்ரி. திரும்பி நடந்து வந்தனான்” என்றாள்.

அந்தச் சொல்லோடு நான் மனதால் போய், அன்று தனியே அழுத அந்தப் பஸ் தரிப்பில் நின்றேன், பிள்ளைகள். நான் மறைத்ததால் அவள் வாசிக்காமல் இருக்கவில்லை. தனியே வாசித்தாள், அவ்வளவுதான். எனக்கு என்ன செய்தார்களோ அதையேதான் நான் அவளுக்குச் செய்திருந்தேன்.

“அம்மாக்கு ஏன் மாத்திச் சொன்னனீ?”

“அம்மாக்கு இது இப்ப சரிவராது அன்ரி. ரூ ஸாட், தாங்கேலாத துக்கம். அப்பாவின்ரை கடிதம் வரட்டும், பிறகு உண்மையைச் சொல்லலாம்.” சட்டென்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “நீங்கள் சொல்லிப்போட்டியளோ?”

“இல்லை.”

அவளுக்கு மூச்சு வந்தது. பார்த்தீர்களா, என் லிஸ்ட்டும் ஸ்ரிக்கரும் கேட்காத கேள்வியை இவள் கேட்டிருக்கிறாள். வாசிக்கிறவர் யார், இந்தக் கிழமை அவருடைய நிலைமை என்ன, இதைத் தாங்குவாரா. தாய்க்கு எது ஏற்ற கதை என்று பத்து வயது மகள் யோசித்திருக்கிறாள். அவளுக்காக யோசிக்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை. அது என்னுடைய வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

“சரி, எனக்குச் சொல்லு” என்றேன். “நான் வாசிக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள். தமிழிலை சொல்லு. மாத்தாமல் சொல்லு.”

அவள் தன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். மலை, குளிர், ஆட்டின் புறுபுறுப்பு. சாபம் என்றாள், முடிச்சு என்றாள், தியாகம் என்றாள், எல்லாம் நான் கொடுத்த சொற்கள். கயிறு அறுக்கிற இடம் வந்தது. “அப்ப அவர் சொல்லுறார், மகள், இப்ப விடு எண்டு...” அதற்கு மேலே சத்தம் வரவில்லை. முகத்தை என் கார்டிகனுக்குள் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். எல்லாம் சரியாகும், அப்பா வருவார் என்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதே, எப்படிச் சொல்வது? நானும் அழுதேன். நிமிர்ந்து பார்த்தபோது என் மேசையில் பொறுப்பாளர் அம்மா இருந்து புத்தகம் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். ஆடு பேசாமல் நடந்து வருகிற கடைசிப் பக்கம்வரை சொல்லி முடித்தாள். அன்று முதல் அவளுக்கு எந்தத் தொடரைக் கொடுத்தாலும் கடைசிப் புத்தகத்தை முதலில் நான் வாசித்தேன், கொட்டாவி விட்டு விட்டு. துக்கம் வருகிற புத்தகம் என்றால் முன்னமே சொல்லுவேன். “வாசிக்கிறியோ, பிறகு பாப்பமோ?” என்று அவளிடமே கேட்பேன். பாதி நேரம் அவள், “பிறகு பாப்பம் அன்ரி” என்று தானே தள்ளி வைத்துவிடுவாள். பிள்ளைகளுக்குத் தங்கள் அளவு தெரியும், கேட்கிற ஆள்தான் வேண்டும்.

அந்தக் கோடையில் கடிதம் வந்தது. அடுத்த வருடப் பனிக்காலம் முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை மூன்று பேராக வந்தார்கள். மெலிந்த மனிதர், புதுப் பனி ஜாக்கெற், கையை இரண்டு தரம் மடித்து விட்டிருந்தது. அந்தச் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சுக்கு வரக் குந்திக்கொண்டு மகள் எடுத்துக் காட்டுகிற எல்லாப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். துளசி ஓடி வந்து, “அன்ரி, அந்த மூண்டாவது புத்தகம் இருக்குதோ?” என்றாள். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அங்காலே போனதும் ரஜனி மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, அண்டைக்கு முடிவு சொல்லேக்கை அவள் ஒரு பக்கமும் பிரட்டேல்லை. நான் கண்டனான்.”

“பிறகேன் தங்கச்சி கேக்கேல்லை?”

“எப்பிடி அக்கா கேக்கிறது? பிள்ளை அவ்வளவு பாடுபட்டுச் சொல்லுது. நான் அங்காலை திரும்பி அடுப்பைப் பாக்கிற மாதிரி நிண்டிட்டன். அதாலைதான் சோறு அடிப்பிடிச்சது. அடுத்த நாள் உங்களிட்டைக் கேப்பம் எண்டுதான் வந்தனான். உங்கடை முகத்தைப் பாத்தன், விளங்கிட்டுது.”

அன்றைக்கு அவளும் தன் பெயரில் ஒரு நூலக அட்டை எடுத்தாள். அந்தப் புத்தகத்தை அதில்தான் பதிந்து கொடுத்தேன்.

மூன்று கிழமை கழித்துத் துளசி அதைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “வீட்டிலை முழுக்கச் சொன்னனீயோ?” என்று கேட்டேன்.

“ஓம் அன்ரி. ஒண்டும் மாத்தேல்லை” என்றாள். பிறகு தகப்பன் பின்னுக்கு நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்: “அம்மா அழேல்லை. அப்பாதான் நல்லா அழுதவர்.”